அவளைத் திருத்துவது எப்படி?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

தினமும் காலையில் மனசுக்குத் தெம்பு தரும் நாலு வரி எழுதி ஃபேஸ்புக்கிலும் ஸ்டேட்டஸிலும் போடுவது என் வழக்கம். "இதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்" என்று முகம் தெரியாதவர்கள்கூட எழுதுகிறார்கள். என் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கிறாள். எப்போது பார்த்தாலும் புலம்பல். "எனக்கென்று யார் இருக்கிறார்கள்?" என்று ஒரு வரி, கூடவே ஒரு கறுப்புப் படம். உடனே "என்னாச்சுடி?" என்று எல்லாரும் ஓடி வருவார்கள். வருஷக்கணக்கில் நல்லதையே எழுதும் எனக்கு அதில் பாதி லைக்கூட விழுவதில்லை.

பொறுக்க முடியாமல் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "அனுதாபம் தேட இப்படியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் குழுவை விட்டே போய்விட்டாள். இப்போது என்னைத்தான் குறை சொல்கிறார்கள். நல்லது சொல்பவளுக்கு மதிப்பில்லை, அழுகிறவளுக்குத்தான் கூட்டம். நானும் ஒரு ராத்திரி தூக்கம் வராமல், 'ரொம்பக் களைப்பாக இருக்கிறது, யாரிடமாவது பேசணும்' என்று போட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் எட்டிப் பார்க்காததால் அழித்துவிட்டேன், விடிந்ததும் 'புன்னகையோடு தொடங்குவோம்' என்று போட்டேன். அதை விடுங்கள். அவளைத் திருத்துவது எப்படி?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ராத்திரிப் பதிவை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. இத்தனை நீளக் கடிதத்தில் உங்களைப் பற்றி நீங்கள் உண்மையில் சொன்னது அது மட்டும்தான். அந்த ராத்திரி நீங்கள் கேட்டதைத்தான் உங்கள் தோழியும் கேட்கிறாள். அவளுக்கு ஆள் வந்தது, உங்களுக்கு வரவில்லை. உங்கள் கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது.

யாரும் வராததற்கு உங்கள் மீது அன்பில்லை என்று அர்த்தமில்லை. ஊரே தூங்கும் நேரம். அதோடு, எப்போதும் தெம்பாக இருப்பவர் என்றே உங்களைப் பழகியிருக்கிறார்கள். காலைப் பதிவுகள் போலி என்று நான் சொல்லமாட்டேன். யாரோ ஒருவர் அதனால் தேறுகிறார் என்றால் அது நல்ல காரியம், தொடருங்கள். ஆனால் எழுதியபின் எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள், அவளுடையதோடு ஒப்பிடுகிறீர்கள். கவனத்துக்கு ஏங்குவது அவள் மட்டும் இல்லை, அம்மா.

ஏங்குவது பாவமும் இல்லை. மனிதருக்கு அது வேண்டும். லைக் அந்தப் பசியைத் தீர்க்காது, தூண்டிவிடும். எப்போது தீனி விழும் என்று தெரியாவிட்டால், தீனி தரும் பொத்தானைப் புறா சளைக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். எந்தப் பதிவுக்கு எவ்வளவு விழும் என்று தெரியாமல் ஃபோனைத் திறந்து திறந்து பார்க்கிறோமே, அதுவும் இதே கணக்குதான். லைக் எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதி 2021-லிருந்து இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் இருக்கிறது. பயன்படுத்திப் பாருங்கள். ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டியது, அந்தக் களைப்பை நேரில் கேட்க ஒரு ஆள். தூக்கமின்மை தொடர்ந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தோழி நடிக்கிறாளா, நிஜமாகவே நொறுங்கிக் கிடக்கிறாளா என்று திரையைப் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. தெரியாதபோது பலர் முன்னால் அப்படிக் கேட்டது தவறு. அவளைத் திருத்தும் எண்ணத்தை விட்டுவிட்டு ஒருமுறை கூப்பிடுங்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டு, உங்களுடைய அந்த ராத்திரியையும் சொல்லுங்கள். மன்னிப்பை மட்டும் குழுவிலும் கேளுங்கள். அவமானப்படுத்தியது அங்கேதானே.