பட்டர்வோர்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இலைப் பிசுக்கில் பூச்சி பிடிக்கும் சின்னச் செடியான பட்டர்வோர்ட் பற்றித்தான். மற்றவை காத்திருக்கட்டும்.

கே: மஞ்சள் பட்டர்வோர்ட் எப்போது பூக்கும்? எங்கே பார்க்கலாம்? (ஜாக்சன்வில்)

ப: பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. ஃப்ளோரிடாவின் அப்பலாச்சிகோலா தேசிய வனத்துக்குப் போங்கள். ஒரு சாண் காம்பில் ஒற்றைப் பூ, பின்பக்கம் சின்ன வால் மாதிரி ஒரு நீட்சி. அதைக் கண்டதும் குனியுங்கள். தரையோடு ஒட்டிய வெளிர்பச்சை ரோசெட் (வட்டமாக விரிந்த இலைக்கொத்து) எண்ணெய் தடவியது போல மினுங்கும். அந்தப் பிசுக்கில் பொடிப் பூச்சிகள் ஒட்டிக் கிடக்கும். மகரந்தம் விழுந்தாலும் இலை விடாது, செரித்துக்கொள்ளும். தோண்டாதீர்கள்.

கே: இலை ஓரமெல்லாம் உள்பக்கமாகச் சுருண்டிருக்கிறது. நோயா?

ப: இல்லை. மஞ்சள் இனத்துக்கு அதுதான் இயல்பு.

கே: மாதம் ஒரு தடவை உரம், தினமும் குழாய்த் தண்ணீர் என்று குழந்தை மாதிரி வளர்த்தேன். அழுகிவிட்டது. என்ன குறை வைத்தேன்?

ப: குறை வைக்கவில்லை, அளவுக்கு மீறிச் செய்துவிட்டீர்கள். மண்ணில் சத்தில்லை என்றுதானே அது பூச்சி பிடிக்கிறது? பீட் பாசியும் மணலும் போதும். தண்ணீர் மழைநீராகவோ ஆர்.ஓ. நீராகவோ இருக்கட்டும், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 50க்குக் கீழே. உரம் வேண்டாம் என்று போன முறையும் எழுதினேன். வாங்கியது மெக்சிகோ இனமா, அமெரிக்கத் தென்கிழக்கு இனமா? அதைச் சொல்லாமல், படமும் அனுப்பாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? முன்னதைக் குளிர்காலத்தில் கொஞ்சம் காயவிடலாம். பின்னது வருடம் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும்.

கே: டல்லஹாசிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். இங்கே வனத்துறையே காட்டைக் கொளுத்துகிறது! இந்தச் சின்னச் செடிகள் கருகிவிடாதா? யாரிடம் புகார் செய்வது?

ப: யாரிடமும் செய்யாதீர்கள். வருடத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். செடியை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இந்தச் செடிகள் வாழ்கிற நீளிலைப் பைன் நிலம் வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை ஒருகாலத்தில் 9 கோடி ஏக்கர் இருந்தது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மின்னலோ பூர்வகுடிகளோ வைத்த தீ அதைத் திறந்த வெளியாக வைத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டில் தீயே ஆகாது என்று அணைக்கக் கிளம்பினார்கள். கால்பெரிப் புதர் இடுப்பு உயரம் ஏறியது, சருகு மூடியது. உள்ளங்கையில் அடங்குகிற ரோசெட் வெயில் கிடைக்காமல் செத்தது. மரம் வெட்டியதும் நெருக்கி நட்ட தோட்டங்களும் சேர்ந்து, இன்று மிச்சம் அரைக் கோடி ஏக்கர் சுமாருக்குத்தான். திட்டமிட்டு வைக்கிற தீ புல்லையும் புதரையும் மேய்ந்துவிட்டுப் போய்விடும். ஈர மண்ணை ஒட்டிக் கிடக்கிற செடி பெரும்பாலும் தப்பும். எரிந்த இடத்தை அடுத்த வசந்தத்தில் போய்ப் பாருங்கள். புகார் எழுதாமல் தூக்கம் வராது என்றால், ஈரநிலத்தை வற்றவைக்கிற வடிகால்களைப் பற்றி எழுதுங்கள். தீத்தடுப்புக் கோடு போடுகிறேன் என்று சதுப்பின் ஓரத்தையே உழுதுவிட்டுப் போகிறார்களே, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கே: வீட்டில் நாலு தொட்டி வைத்தால் கொசு ஒழியுமா?

ப: ஒழியாது. கொசுவலை வாங்குங்கள்.

கே: சாலையோரப் பள்ளத்தில் ஊதாப் பூ ஒன்று பார்த்தேன். ஒரு செடி எடுத்து வரலாமா?

ப: எந்த ஊர், எந்த மாதம், பூவில் நரம்பு தெரிந்ததா? ஒன்றுமே எழுதவில்லை. அடர் நரம்போடு இருந்தால் செருலியா என்ற பட்டர்வோர்ட் இனம். வெளிறி, தொண்டை மட்டும் கருத்திருந்தால் அயனாந்தா என்ற இனமாக இருக்கலாம். அது ஃப்ளோரிடாவின் வடமேற்குப் பகுதியில் சில மாவட்டங்களில் மட்டும் உள்ளது. 1993 முதல் அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. எதுவானாலும் தோண்டாதீர்கள்.

கே: நம் ஊரில் உண்டா? (மதுரை)

ப: பட்டர்வோர்ட் இல்லை. இந்தியாவில் இமயமலையில் அல்பினா என்ற இனம் உண்டு. அதே குடும்பத்து யூட்ரிகுலேரியாவை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பாறைகளில் பார்க்கலாம். இலையில் பிசுக்கைத் தேட வேண்டாம். அதன் பொறி மண்ணுக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ இருக்கிற குட்டிப் பை.