மூலநிரலை விடச் சாவிகளே முக்கியம்

கேள்வி: மருத்துவமனைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். மூலநிரலை கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையச் சேவை) வைத்து, சோதனை, வெளியீடு ஆகியவற்றையும் கிளவுட் சேவை வழியாகவே செய்யலாம் என்கிறார்கள் எங்கள் நிரலாளர்கள். பல ஆண்டு உழைப்பை அடுத்தவர் கணினியில் வைக்க மனம் ஒப்பவில்லை. நம்பலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தங்கள் தயக்கம் நியாயமானதே. ஆனால், சேவை நிறுவனத்தின் ஊழியர் நிரலைத் திறந்து படித்துவிடுவாரோ என்பதைக் காட்டிலும், அந்த நிரலை இயக்கத் தேவையான தரவுத்தளக் கடவுச்சொல்லையும் சர்வர் சாவிகளையும் அங்கேயே ஒப்படைத்து விடுகிறோமே, அதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

நிரல் எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று அளந்து சொல்லும் கோட்கவ் என்ற சேவையில், 2021 ஜனவரி 31 முதல் வெளியார் ஒருவர் அதன் பதிவேற்ற ஸ்கிரிப்டை (வாடிக்கையாளர்கள் ஓட்டும் சிறு நிரல்) அவ்வப்போது திருத்தி வந்தார். அந்தத் திருத்தத்தால், ஸ்கிரிப்டை ஓட்டிய நிறுவனங்களின் கடவுச்சொற்களும், கடவுச்சொல் போலவே அனுமதி தரும் டோக்கன்களும் வேறொரு சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன. தாம் இறக்கிய கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்), அந்நிறுவனம் வெளியிட்டிருந்த மதிப்போடு பொருந்தவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகே, ஏப்ரல் 1 அன்று விஷயம் தெரிய வந்தது. அந்த ஒப்பீட்டைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

"எல்லாவற்றையும் மறையாக்கம் செய்துதான் வைத்திருக்கிறோம்" என்ற உறுதிமொழியும் போதாது. 2022 டிசம்பரில், நிரலைத் தானாகச் சோதித்து வெளியிடும் சேவை தரும் சர்க்கிள்சிஐ நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் மடிக்கணினியில் நுழைந்த தீநிரல், இரட்டைச் சரிபார்ப்பு முடிந்த உள்நுழைவின் குக்கியை (உள்நுழைந்ததற்கு அடையாளமாக உலாவி வைத்திருக்கும் சிறு தரவு) திருடியது. சேமிப்பில் இருந்த தரவு மறையாக்கப்பட்டதுதான். ஆனால் அதைத் திறக்கும் சாவிகளை, ஓடிக்கொண்டிருந்த செயலியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். சேமித்த ரகசியங்கள் அனைத்தையும் உடனே மாற்றுங்கள் என்று 2023 ஜனவரி 4 அன்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு வந்தது.

அதற்காகச் சொந்த சர்வரே பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லாத சிறிய அலுவலகத்தில், புதுப்பிக்கப்படாத சர்வர் இதைவிடப் பெரிய ஆபத்து. கவனக்குறைவு நம் பக்கமும் நேரும்: கார்களை இணையத்தோடு இணைக்கும் டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவை நிரலின் ஒரு பகுதியை, ஒப்பந்த நிறுவனம் ஒன்று தவறுதலாக கிட்ஹப்பில் பொதுவில் வைத்துவிட்டது. வாடிக்கையாளர் தரவு சர்வரின் சாவி அதில் 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிடந்தது.

ஆகவே, நிரலை, வெளியார் பார்க்க முடியாத தனியார் களஞ்சியமாக அங்கே வைக்கலாம். வெளியீட்டுக்கு நிரந்தரச் சாவி தராமல், சில நிமிடங்களில் காலாவதியாகும் டோக்கனைப் பயன்படுத்துங்கள். பிறர் எழுதிய துணைக்கருவிகளைப் பதிப்பின் பெயரைக் கொண்டு அழைக்காமல், முழு கமிட் ஹாஷை (நிரலின் அந்தக் குறிப்பிட்ட நிலைக்கு மட்டுமே உரிய அடையாள எண்) கொண்டே அழைக்கச் சொல்லுங்கள். நகலும் அவசியம். 2019-இல் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காரணம் காட்டி, ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் தனியார் களஞ்சியங்களை கிட்ஹப் முடக்கியதை மறக்க வேண்டாம். நிரலின் முழு வரலாறும் ஒவ்வொரு நிரலாளரின் கணினியிலும் இருக்கும். பிழைப் பதிவுகளும் விவாதங்களும் அப்படி இருக்காது, அவற்றைத் தனியே இறக்கி வைக்க வேண்டும்.

உங்கள் தொழிலில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: உண்மையான நோயாளிகளின் பெயரும் பில்லும் சோதனைத் தரவாக அந்தச் சேவைக்குள் போகக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைக் கையாளும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் மருத்துவமனையின் பொறுப்பு நீங்காது. தவறு நேர்ந்தால் மருத்துவமனை முதலில் உங்களைத்தான் கேட்கும்.