மே 1-க்கு முன் வந்த நோட்டீஸ்: வீட்டைக் காலி செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் மூன்று வருடமாக ஒரு ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். வாடகை மாதம் 1,700 பவுண்டு. டெபாசிட்டும் அதே 1,700, ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுத்தோம். 2026 ஏப்ரல் 20 அன்று '6ஏ' என்று போட்ட நோட்டீஸ் தந்தார்கள். ஜூன் 22-க்குள் போகாவிட்டால் போலீஸ் வரும், விசாவுக்கும் பாதிப்பு என்கிறார் ஏஜென்ட். காரணம் சொல்லாமல் வெளியேற்றும் சட்டம் மே 1-ஆம் தேதியே ஒழிந்துவிட்டது, நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள் என்கிறார் என் மச்சான். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. நோட்டீஸைக் கிழிக்காதீர்கள். பெட்டியும் கட்டாதீர்கள்.

மச்சானைக் குறை சொல்ல முடியாது. மந்திரிகள் பேசியதைக் கேட்ட யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். காரணம் சொல்லாமல் வெளியேற்ற வழி தந்த 1988 வீட்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவை ஒழிப்போம் என்று இங்கிலாந்தில் முதலில் அறிவித்தது 2019 ஏப்ரலில், தெரசா மே பிரதமராக இருந்தபோது. அதன்பின் வீட்டுவசதித் துறைக்கு மந்திரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2023-இல் வந்த மசோதா, 2024-இல் தேர்தல் அறிவித்ததும் செத்தது. 'உடனடியாக' ஒழிப்போம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிய லேபர் கட்சி அந்த ஜூலையில் ஆட்சிக்கு வந்தது. அதை ஒழிக்கும் புதிய சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் 2025 அக்டோபர் 27-இல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது 2026 மே 1-இல். உடனடி என்பதற்கு, அரசு அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹாலின் அகராதியில் இருபத்திரண்டு மாதம். அதிலும் கடைசி ஐந்தரை மாதம், தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேண்டுகிற வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்துக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். உங்கள் '6ஏ', அதாவது 21-ஆம் பிரிவு நோட்டீஸ், அந்தக் கதவு வழியாக வந்ததுதான்.

புதிய சட்டம் அப்படி வந்த நோட்டீஸை ரத்து செய்யவில்லை. மே 1-க்கு முன் முறையாகக் கொடுத்தது இன்னும் செல்லும். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. நோட்டீஸில் சொன்ன தேதி முடிந்த பிறகு, 2026 ஜூலை 31-க்குள் வீட்டுக்காரர் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். உங்கள் விஷயத்தில் அவருக்கு இருப்பது ஜூன் 22-க்கும் ஜூலை 31-க்கும் இடைப்பட்ட ஐந்தரை வாரம். அதைத் தவறவிட்டால் அந்த நோட்டீஸ் வெறும் காகிதம்.

ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத செய்தி இன்னொன்று. முன்பெல்லாம் நோட்டீஸில் பிழை இருந்தால் அதைத் திருத்தி அடுத்த வாரமே புதிதாக ஒன்று கொடுப்பார்கள். மே 1-க்குப் பிறகு 21-ஆம் பிரிவில் புது நோட்டீஸ் கொடுக்கவே முடியாது. ஆகவே ஏப்ரல் 20 அன்று இருந்த பிழை இனி திருத்த முடியாத பிழை. அதைத் தேடுவதுதான் உங்கள் முதல் வேலை.

டெபாசிட்டில் தொடங்குங்கள். ரொக்கமாக ஏஜென்ட் கைக்குப் போன பணம் என்பதால் எனக்கு அங்கேதான் சந்தேகம். வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பதிந்து, அதன் விவரத்தை உங்களிடம் எழுத்தில் தந்திருக்க வேண்டும். டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்ற மூன்றின் இணையதளத்திலும் உங்கள் குடும்பப் பெயர், போஸ்ட்கோடு, குடிவந்த தேதி, தொகை ஆகியவற்றைப் போட்டுத் தேடலாம். ஐந்து நிமிட வேலை. மூன்றிலும் இல்லையென்றால் நோட்டீஸ் செல்லாது. அதோடு டெபாசிட்டைப் போல் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை, அதாவது 5,100 பவுண்டு வரை, இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். ரசீது இல்லையே என்று சோர வேண்டாம். வங்கியில் பணம் எடுத்த பதிவும், ஏஜென்ட்டுடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் சாட்சிதான்.

அடுத்தது லைசென்ஸ். ஈஸ்ட் ஹாம் இருப்பது நியூஹாம் கவுன்சிலில். அங்கே பெரும்பாலான பகுதிகளில் ஒரே குடும்பம் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கும் கவுன்சில் லைசென்ஸ் வேண்டும். பதிவேடு கவுன்சில் இணையதளத்திலேயே இருக்கிறது. லைசென்ஸ் தேவைப்பட்டு, அதற்கு விண்ணப்பம்கூடப் போடாமல் நோட்டீஸ் கொடுத்திருந்தால் அதுவும் செல்லாது. எரிவாயுப் பாதுகாப்புச் சான்று, எரிசக்திச் சான்று, 'ஹவ் டு ரென்ட்' என்ற அரசுக் கையேடு ஆகியவை நோட்டீஸுக்கு முன் உங்கள் கைக்கு வந்தனவா என்று பழைய மின்னஞ்சல்களில் பாருங்கள்.

நோட்டீஸில் பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஜூன் 22 நீங்கள் வெளியேற வேண்டிய நாள் அல்ல. வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிற நாள், அவ்வளவுதான். அவர் 'என்5பி' படிவத்தில் வழக்குப் போட்டால் கோர்ட் அதன் பிரதியோடு 'என்11பி' என்ற பதில் படிவத்தை உங்களுக்கு அனுப்பும். 14 நாளில் நிரப்பி அனுப்புங்கள். கண்டெடுத்த பிழையை அதில்தான் எழுத வேண்டும். உத்தரவு வந்தால் வழக்கமாக 14 நாள் அவகாசம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு போக இடமில்லை என்று அதே படிவத்தில் எழுதிக் கேட்டால் நீதிபதி ஆறு வாரம் வரை தரலாம். அதற்குப் பிறகும் நீங்கள் இருந்தால் வீட்டுக்காரர், கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அலுவலரான பெய்லிஃபுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெய்லிஃப் வரும் தேதியை 14 நாள் முன்னதாக எழுத்தில் சொல்வார்கள். லண்டன் கோர்ட்டுகளில் இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகிறது. வழக்கில் தோற்றால் கோர்ட் கட்டணத்தை, சுமார் 400 பவுண்டு, உங்கள் தலையில் கட்டலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

போலீஸுக்கு இதில் வேலையே இல்லை. விசாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கோர்ட் உத்தரவில்லாமல் பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும்தான் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏஜென்ட் அப்படிச் செய்து நீங்கள் போலீஸைக் கூப்பிட்டால், 'இது சிவில் விவகாரம்' என்று சொல்லிவிட்டுப் போகிற காவலர்கள் உண்டு. 'புரொடெக்‌ஷன் ஃப்ரம் எவிக்‌ஷன் ஆக்ட் 1977' என்று சட்டத்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டி வையுங்கள். காவலரிடம் காட்ட உதவும்.

அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் ஏஜென்ட் அன்பாகப் பேச ஆரம்பிப்பார். 'நாங்களே டெபாசிட்டைத் திருப்பித் தருகிறோம், மேலே கொஞ்சம் காசும் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்பார். நீங்களாகவே வீட்டை ஒப்படைத்ததாகச் சொல்லும் காகிதம் அது. கையெழுத்திட்டால் மேலே சொன்ன பாதுகாப்பு அத்தனையும் போய்விடும். கவுன்சிலும் 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்று முத்திரை குத்திக் கைவிரிக்கலாம். 'கவுன்சிலில் எனக்கு ஆளைத் தெரியும்', 'லாயர் லெட்டர் போட்டுத் தருகிறேன்' என்று சில நூறு பவுண்டு கேட்கிற நம்மவர்களும் இந்த நேரத்தில் முளைப்பார்கள். ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். காலி செய்யச் சொல்லி எழுத்தில் வந்த எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், அரசு செலவில் வக்கீல் ஆலோசனை உண்டு. 'ஹவுசிங் லாஸ் பிரிவென்ஷன் அட்வைஸ் சர்வீஸ்' என்று பெயர். 2023 முதல் நடக்கிறது. இப்படி ஒன்று இருப்பதை எந்த மந்திரியும் மேடையில் சொல்லக் கேட்டதில்லை.

கவுன்சிலுக்கு இப்போதே போங்கள். 56 நாளுக்குள் முடியும் செல்லுபடியான 21-ஆம் பிரிவு நோட்டீஸ் கையில் இருந்தால் உதவும் கடமை அவர்களுக்கு உண்டு. 'பெய்லிஃப் வரட்டும், பிறகு பார்ப்போம்' என்று கவுண்டரில் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். அரசின் வழிகாட்டுதலே அப்படிக் காக்க வைக்கக் கூடாது என்கிறது. எழுதித் தரச் சொன்னால் பல நேரம் தொனி மாறும்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குச் சொன்ன இந்தப் பதிலைப் பார்த்துவிட்டு, அறை வாடகைக்கு இருப்பவர்கள் தமக்கும் இதே பாதுகாப்பு என்று நினைத்துவிடுவார்கள். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து, சமையலறையையோ குளியலறையையோ உங்களோடு பகிர்ந்தால் நீங்கள் சட்டத்தின் கண்ணில் 'லாட்ஜர்'. 21-ஆம் பிரிவும் இல்லை, புதிய சட்டமும் இல்லை. நியாயமான அவகாசம் கொடுத்து, கோர்ட் இல்லாமலே வெளியேற்றலாம். வீட்டுக்காரர் என்றால் சொந்தக்காரர் மட்டுமல்ல. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, தானும் அங்கே தங்கி, ஓர் அறையை உங்களுக்கு விட்டவரும் வீட்டுக்காரர்தான். ஆனால் ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு, கடிதம் எடுக்க மாதம் ஒருமுறை வந்து போகிறவர் 'குடியிருப்பவர்' ஆக மாட்டார். அந்த இடம் அவருடைய முதன்மை வீடாக, நீங்கள் குடிவந்த நாளிலிருந்தே இருக்க வேண்டும். 'நானும் இங்கேதான் இருக்கிறேன்' என்று திடீரென ஒரு கட்டிலைக் கொண்டு வந்து போட்டால் எதுவும் மாறாது. ரொக்க வாடகை, ஒப்பந்தமே இல்லை என்றாலும் அப்படித்தான்.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். கோபத்தில் நிறுத்துகிறவர்கள் அதிகம். மூன்று மாத பாக்கி சேர்ந்தால் புதிய சட்டத்திலேயே நான்கு வார நோட்டீஸில் கோர்ட்டுக்குப் போக வழி இருக்கிறது. இனி வங்கி மூலமாக மட்டும் கொடுங்கள்.

ஜூலை 31 தாண்டினால் உடனே கொண்டாடவும் வேண்டாம். கடைசி நாளில் போட்ட வழக்கின் தாள் ஆகஸ்ட் நடுவில்கூட உங்கள் தபால் பெட்டிக்கு வரலாம். உங்களுக்கு எதுவும் வராவிட்டால் கவுண்டி கோர்ட்டில் விசாரியுங்கள். வழக்கே இல்லை என்றால் நீங்கள் புதிய சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். வீட்டை விற்க வேண்டும் என்றாலோ தானே குடியேற வேண்டும் என்றாலோ வீட்டுக்காரர் நான்கு மாத நோட்டீஸ் தர வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்றினால் ஒரு வருடத்துக்கு அதே வீட்டை வேறு யாருக்கும் வாடகைக்கு விடவும் முடியாது.