‘மஸில்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் நம் ‘மூஷிக’த்துக்கும் உறவு உண்டா?

உண்டு. கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இது மொழியியலாளர்கள் ஏற்றுக்கொண்ட உறவுதான்.

தசையைக் குறிக்கும் ‘மஸில்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் லத்தீன் ‘மூஸ்குலுஸ்’, பொருள், சுண்டெலி. கையை மடக்கி முறுக்கிப் பாருங்கள். தோலுக்கடியில் குட்டி எலி ஒன்று ஓடி ஒளிவதுபோல் மேற்கைத் தசை புடைக்கும். இந்தக் கற்பனை ரோமானியர்களுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க ‘மூஸ்’ என்ற சொல்லுக்கும் எலி, தசை என இரு பொருளும் உண்டு. இதயத் தசையைக் குறிக்கும் ‘மயோகார்டியம்’ என்ற மருத்துவச் சொல்லின் முன்பாதி அந்தக் கிரேக்க எலிதான்!

லத்தீனிலும் கிரேக்கத்திலும் எலி ‘மூஸ்’, சமஸ்கிருதத்தில் ‘மூஷ்’, ‘மூஷிக’, ஆங்கிலத்தில் ‘மவுஸ்’. இவையெல்லாம் ‘மூஸ்’ என்ற தொல் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து, அதாவது இம்மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியின் வேரிலிருந்து, கிளைத்தவை. அந்த வேர் எந்த ஏட்டிலும் இல்லை. கிளை மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது. பிள்ளையாரின் வாகனமாகத் தமிழுக்கு வந்த ‘மூஷிகம்’ சமஸ்கிருதக் கடன். நம்முடைய சொந்தச் சொல் ‘எலி’.

ஒலி ஒத்துப்போனாலே உறவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆங்கில ‘மச்’, ஸ்பானிய ‘முச்சோ’ இரண்டும் மிகுதியைக் குறிப்பவை. ஆனால் வேர்கள் வெவ்வேறு.