ராகி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதா? கிளைசெமிக் குறியீடு என்றால் என்ன?

ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண்தான் கிளைசெமிக் குறியீடு. குளுக்கோஸுக்கு 100. 55 வரை குறைவு, 70-ஐத் தொட்டால் அதிகம்.

மாவுச்சத்து எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்பதே காரணம். நார்ச்சத்தும் பருப்பும் அதைத் தாமதப்படுத்தும்; நைசாக அரைப்பதும் குழைய வேகவைப்பதும் விரைவுபடுத்தும். பெங்களூர் சில்க் போர்டு சிக்னலை நினைத்துப் பாருங்கள். வண்டிகள் விட்டுவிட்டு வந்தால் சாலை தாங்கும், ஆபீஸ் விடும் நேரத்தில் மொத்தமாக வந்தால் திணறிவிடும். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் நிலைமையும் அதுதான்.

பெங்களூரில் நம்மவர்கள் பலர் சர்க்கரை வந்ததும் சோற்றை விட்டு ராகிக்கு மாறுகிறார்கள். நல்ல மாற்றம், கால்சியம், நார்ச்சத்து இரண்டும் வெள்ளை அரிசியைவிட அதிகம். ஆனால் கஞ்சியாகக் கரைத்துக் குடிக்காதீர்கள், சீக்கிரம் ஏறிவிடும். நாம் களி என்பதை இங்கே முத்தே என்கிறார்கள். ஒரு சின்ன உருண்டை, கூடவே கீரையும் பருப்பும் போட்ட சொப்பு சாறு தாராளமாக. மார்கழியில் மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்கு வரும் பச்சை மொச்சைக் குழம்பு என்றால் இன்னும் அருமை!

ராகியில் மாவுச்சத்தே இல்லை என்று நம்பி மூன்று உருண்டை சாப்பிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் 100 கிராம் ராகியில் சுமார் 65 முதல் 70 கிராம் மாவுச்சத்துதான்.