சின்ன லேத்தில் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராட் கடையும்போது சேட்டர் (டூல் அதிர்ந்து அலறி, ராடில் அலை அலையாகத் தடம் விழுவது) வருகிறது, ஸ்பீடைக் குறைத்தும் போகவில்லை. எங்கே பார்ப்பது?

ஸ்பீடைக் குறைத்தது சரிதான். ஆனால் எந்தப் பாகம் ஆடுகிறது என்று அதை வைத்து மட்டும் தெரியாது. அதனால் முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். ஸ்பீடை மாற்றும்போது சத்தத்தின் சுருதியும் கூடவே ஏறி இறங்கினால் பெல்ட், கியர், பேலன்ஸ் இல்லாத சக் (ராடைப் பிடித்துச் சுற்றும் பாகம்) என்று சுற்றுகிற பக்கம் தேடுங்கள். ஸ்பீடு மாறியும் சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருந்தால் அதுதான் அசல் சேட்டர். முந்தின சுற்றில் டூல் விட்டுப்போன அலையின் மேலேயே அடுத்த சுற்றிலும் வெட்டுவதால், சீவலின் கனம் கூடிக் குறைந்து ஆட்டம் தானாகவே வளர்கிறது. எங்கோ பிடிப்பு போதவில்லை என்று அர்த்தம்.

எனக்கும் இதேதான் நடந்தது. 20 மி.மீ. ராட், சக்குக்கு வெளியே 100 மி.மீ. நீட்டியிருந்தேன். ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) பேரிங் போய்விட்டது என்றே நம்பி, புதுசு வாங்கக் கிளம்பிவிட்டேன். நல்ல வேளையாக அதற்கு முன், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் இன்டிகேட்டரை எடுத்தேன். சக்கைக் கையால் தூக்கிப் பார்த்தால் முள் துளி அசைந்து பழைய இடத்துக்கே திரும்பியது. டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்ட்டை அழுத்தினால் முள் நகர்ந்தது, கையை எடுத்தும் திரும்பவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். திரும்பி வந்தால் வெறும் வளைவு, வராவிட்டால் லூஸ். டூல் போஸ்ட்டைத் தாங்கி நகரும் காம்பவுண்ட் ஸ்லைடின் கிப் (ஸ்லைடு ஆடாமல் இடைவெளியை அடைக்கும் பட்டை) தளர்ந்திருந்தது. கிப் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக இறுக்கி, கைப்பிடி சற்றுக் கனமாகச் சுற்றும் பதத்தில் நிறுத்தி லாக் நட் போட்டதும் பாதி சத்தம் அடங்கியது.

மீதி, நீட்டிய ராடால் வந்தது. விட்டத்தைப் போல 3 மடங்குக்கு மேல் நீட்டினால் ராடின் முனையில் சென்டர் டிரில்லால் சின்னக் குழி போட்டு, அந்த முனையைத் தாங்க டெயில்ஸ்டாக் கொடுத்துவிடுங்கள். டூலையும் அப்படியே உள்ளே தள்ளிப் பிடியுங்கள். நீட்டலைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். வேறெந்த மாற்றமும் காசில்லாமல் இவ்வளவு தராது.

அப்புறம், சேட்டருக்குப் பயந்து ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை, குறைக்காதீர்கள். ஃபீடு ரொம்பக் குறைந்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் அலறும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் 20 மி.மீ. எம்எஸ்ஸுக்கு 400 ஆர்பிஎம், சுற்றுக்கு 0.08 முதல் 0.1 மி.மீ. ஃபீடு என்று ஆரம்பித்துப் பாருங்கள். டூல் உயரம் சென்டருக்குச் சரியாக இருக்கட்டும். கார்பைடு டிப் என்றால் 0.8 மி.மீ. நோஸ் ரேடியஸ் (டூல் முனையின் வளைவு) இந்த அளவு மெஷினுக்கு அதிகம். 0.4 அல்லது 0.2 போடுங்கள். ரேடியஸ் பெரிதானால் டூல் ராடைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசை கூடும்.

பார்ட்டிங் (ராடைத் துண்டாக வெட்டி எடுப்பது) போடும்போது மட்டும் ஸ்பீடைப் பாதியாக்குங்கள். சக்குக்கு ஒட்டியே வெட்டுங்கள். கேரியேஜையும் (டூல் பக்கம் முழுவதையும் தாங்கி நகரும் பாகம்) காம்பவுண்டையும் லாக் செய்துவிட்டு, கை நிற்காமல் ஒரே சீராக ஃபீடு கொடுங்கள்.