சத்திரசிகிச்சைக்குப் பிறகு சத்தி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. பித்தப்பைக் கல்லுக்கு அடுத்த மாதம் மட்டக்களப்பில் கமரா மூலம் சத்திரசிகிச்சை. முன்பு கர்ப்பப்பை எடுத்தபோது நாள் முழுக்கச் சத்தி. கண்டி பஸ்ஸில் மகியங்கனை வளைவு வந்தாலே ஓங்காளிப்பார். தடுக்க வழி உண்டா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உண்டு. மயக்கம் கொடுக்கும் வைத்தியர் முன்கூட்டியே பார்க்க வரும்போது, எங்களுக்கு எழுதிய இரண்டையும் அப்படியே சொல்லுங்கள். வெட்டும் வைத்தியருக்கு மட்டும் சொன்னால் போதாது.

அவர் கணக்குப் பார்ப்பது நான்கு விசயம்: பெண், புகைக்காதவர், முன்பு சத்தியோ பயணச் சத்தியோ வந்தவர், பிறகு மோர்பின் வகை வலி மருந்து தேவைப்படுபவர். ஒன்றுமே இல்லாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சத்தி வரும். நான்கும் இருந்தால் எண்பது பேருக்கு. அம்மா புகைக்காதவர் என்றால் மூன்று இப்போதே இருக்கிறது. (அதற்காகச் சுருட்டுப் பற்றவைக்க வேண்டாம்.)

இப்படிப்பட்டவருக்கு ஒரு மருந்து காணாது. வழமையாக மயங்கியதும் டெக்சாமெதசோன் 4 முதல் 8 மில்லிகிராம், முடியும் தறுவாயில் ஒன்டன்செட்ரோன் 4 மில்லிகிராம். மயக்க வாயுவை விட்டு புரொபோபோல் ஊசியிலேயே மயக்கத்தைத் தொடர்ந்தால் இன்னும் நல்லது. நீரிழிவு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். டெக்சாமெதசோன் சீனியைக் கூட்டும்.

அப்படியும் சத்தி வந்தால், ஆறு மணித்தியாலத்துக்குள் அதே மருந்தைத் திரும்பக் கொடுப்பதில் பலன் குறைவு. வேறு வகை மருந்துதான் வேண்டும்.

முதல்நாள் இரவிலிருந்தே பச்சைத்தண்ணீரும் படாமல் கிடப்பது பழைய பழக்கம். உடம்பு வறண்டால் குமட்டல் கூடும். சாப்பாடு 6 மணித்தியாலம் முன்பு நிற்க வேண்டும். தண்ணீர், பால் விடாத பிளேன்டீ பொதுவாக 2 மணித்தியாலம் முன்புவரை சரி. உங்கள் வாட்டில் வேறு விதமாகச் சொன்னால் அதன்படி நடவுங்கள்.

மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக அம்மாவின் மூன்று விரல் அகலம் தள்ளி, உள்பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே பெருவிரலால் அழுத்திவிடலாம். மருந்துக்குப் பதிலல்ல, ஆனால் உதவும். அரைமயக்கத்தில் சத்தி வந்தால் நிமிர்த்தாதீர்கள். பக்கவாட்டில் சரித்துவிட்டுத் தாதியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வாப்பா குடலிறக்கச் சத்திரசிகிச்சை செய்யப்போகிறார். வீட்டுக்கு வந்தபின் சத்தி வந்தால் இஞ்சி பிளேன்டீ போதுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இலேசான குமட்டலுக்குச் சரி. ஜீவனியை (உடம்பு வறளாமல் காக்கும் உப்புக் கரைசல் தூள்) கரைத்து மிடறு மிடறாகக் கொடுங்கள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை வேண்டாம். ஓங்காளம் வரும்போது தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடிக்கட்டும், தையல் இழுபடாது.

பச்சையாகவோ இரத்தமாகவோ வந்தால், வயிறு உப்பிக் காற்றுப் பிரியாவிட்டால், சிறுநீர் போகாவிட்டால், ஒரு நாளாகத் தண்ணீரும் தங்காவிட்டால் பிளேன்டீயை வைத்துவிட்டு, வீட்டுக்கு விடும்போது தந்த கார்டோடு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.